பஞ்சு வைத்த காது

என் தொண்டை அப்படி. ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டில் இந்த நிரைக்கும் அந்த நிரைக்கும் கூவிப் பேசி வளர்ந்தவள் நான். மெதுவாகப் பேசு என்றால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும் கோபம். அப்படிப்பட்டவளுக்கு, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், மலாக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் இடங்களுக்கு உள்ளூர்ப் பெண்களை எடுத்தார்கள். வேலை நிரந்தரமானால் பிழைத்தேன். இல்லாவிட்டால் காஜா பெராங்கில் அண்ணியின் அடுப்படியே கதி.

முதல் நாள் நான் "நம்பர் ப்ளீஸ்" என்றதும் மேலதிகாரி அறையைவிட்டு ஓடி வந்தார். "இந்தப் பொண்ணுக்குக் கம்பி எதுக்கு? ஜன்னலத் தொறந்தா ஊர்க்கோடி தெங்கேராவுக்கே கேக்குமே! மாசக் கடைசிக்குள்ள திருந்தலன்னா வீட்டுக்குத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் எங்களுக்கு வேலை பழக்கிய அக்கா ஒருத்திதான். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். காஜா பெராங் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி. கோவிலுக்கு என்னைவிட ஒழுங்காகப் போவாள், ஆனால் தமிழ் வராது, மலாய்தான். என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். என் பக்கத்துக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். குரலைக் குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னோடு சேர்ந்த இன்னொருத்தி, கடைக்காரர் மகள், பூப்போலப் பேசுவாள். கோபத்தில் கத்துகிற சீன முதலாளி தவுக்கேகூட அவளிடம் அடங்கிப்போவார். அவளுக்கு ஊருக்குள் பேசும் லைன்களைக் கொடுத்தாள் அக்கா. எனக்கு, எல்லாரும் பயப்படும் எஸ்டேட் லைன்கள். மழை வந்தால் அதில் வெறும் கரகரப்புதான். மேலதிகாரி முகம் சுளித்தார். அக்கா அசரவில்லை. "மழை வரட்டும் துவான், அப்புறம் இவளப் பத்திச் சொல்லுங்க" என்று மலாயில் சொல்லிவிட்டாள். அடேயப்பா, என்ன துணிச்சல்!

மாதக் கடைசி நெருங்கிய ஒரு மத்தியானம் பேய்மழை கொட்டியது. எஸ்டேட்டில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் ஒருவர் ஆஸ்பத்திரியைக் கேட்டார். இணைத்தேன், ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை; கரகரப்புக்கு நடுவே அரைகுறை வார்த்தைகள்தான் என் காதில் விழுந்தன. நானே நடுவில் புகுந்து கத்தினேன்.

"அண்ணே! நான் கேக்கறது சரின்னா, காட்டுல கூவற மாதிரி ஒரு 'ஓய்' குடுங்க! பிரசவமா?"

"ஓய்!"

"தாய்க்கு ஆபத்தா?"

"ஓய்!"

"பாலம் முங்கிருச்சா? வண்டி சுத்தி வரணுமா?"

"ஓய்! ஓய்!"

ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். வண்டி சுற்றுவழியாகப் போனது. மறுநாள் காலை, தாயும் பிள்ளையும் நலம் என்று டிரெஸ்ஸர் கூப்பிட்டுச் சொன்னபோது அழுதுவிட்டேன். மழையில் நான் கத்தியதையெல்லாம் மேலதிகாரி என் பின்னால் நின்றே கேட்டிருக்கிறார். மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது.

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தணித்துக்கொண்டு, குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

அவள் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"என்ன சொன்ன? கேக்கல" என்றாள் மலாயில். "உன் குரல்ல சொல்லு."