டப்பாவுக்குள் போகும் பேனா

யாராவது நோட்டைப் பிரித்துத் தொண்டையைச் செருமினால் போதும். வாத்தியார் நவநீதகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலி பால்கோவா டப்பா ஒன்றில் போட்டு மூடிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுவார். கூடவே உள்ளங்கை அகலக் குறிப்பு நோட்டும் போகும். டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சோலைராஜின் பொறுப்பு. "சார் பேனா ஜெயிலுக்குப் போயிருச்சு. இனி தைரியமா வாசிங்கக்கா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நவநீதகிருஷ்ணனும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி.

ராஜபாளையத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, உறை போட்ட மிஷின்களை ஓரம் தள்ளிவிட்டு அங்கே எழுத்து வகுப்பு நடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் வாத்தியாருக்கு வயது அறுபத்திரண்டு. ஐந்து நாவல் எழுதியிருக்கிறார். இருபத்தாறு வருஷம் நூல்மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பிசிறடித்த நூல் கோன் ஒன்றைக் கையில் கொடுத்தால் உள்ளே இருக்கும் சீட்டைப் பார்த்து எந்த மிஷின், எந்த ஷிஃப்ட், ஓட்டியது யார் என்று சொல்லிவிடுவார். எழுத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுதி, கிழித்து, எழுதிப் படித்துக்கொண்டதுதான். அந்தக் கஷ்டம் மற்றவர்களுக்கு வேண்டாம் என்றுதான் வகுப்பு எடுக்க வந்தார்.

பாடம் அதிகமில்லை. "மொதப் பாராவை அடிங்க. அது நீங்க சூடேற எழுதினது." அப்புறம், "எழுதினதை ஆறு மாசம் ஊறப் போடுங்க." இந்த இரண்டாவதை இப்போது அவர் சொல்வதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் சுந்தரம்மாள் நாலு பக்கம் வாசித்தாள். சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு தறிக் கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறவள். வாசித்தது அவளுடைய சொந்தக் கதை. லாரியில் அடிபட்ட புருஷனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கிறாள். தலை முழுக்கக் கட்டு. கட்டுத் துணியில் நெடுக ஒரு இழை இல்லை. அது அவளுடைய தறி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் அந்தத் தறி அதே இடத்தில்தான் இழையை விடும். புருஷன் பிழைப்பானா என்பதைவிட, கழிவில் போக வேண்டிய துணி எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்தது என்பதே அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவன் இறந்துபோனான்.

அவள் வாசித்து முடித்ததும் வாத்தியார் வழக்கம்போல, "ஊறப் போடும்மா" என்றார். அவளும் சொன்னபடி கேட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய ஐந்தாவது நாவல் வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் பேச வந்தவர், "தமிழ்ல இப்படி ஒரு இடம் நான் படிச்சதில்லை" என்று சொல்லி ஒரு பக்கத்தை வாசித்தார். தலைக்கட்டு. கட்டில் விட்டுப்போன இழை. மூன்றாவது வரிசையில் சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அதுவரை, தாமே கண்டுபிடித்தது என்றே சத்தியமாக நம்பியிருந்தார்.

அவள் புத்தகம் ஒன்று வாங்கிக் கையெழுத்துக்கு நீட்டினாள். "நீங்க சொன்ன மாதிரி ஊறப் போட்டுத்தான் சார் வச்சிருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்பு நோட்டுகளைப் புரட்டினார். கிடைத்தது. "கட்டில் ஒரு இழை இல்லை. அவள் தறி." அவ்வளவுதான். பெயர் எழுதியிருக்கவில்லை. கோனுக்குள் சீட்டு இல்லை என்றால் மில்லில் ஆளையே வீட்டுக்கு அனுப்புகிறவர் அவர்.

ஒரு வாரம் பொறுத்துத் தறிக் கூடத்துக்குப் போனார். இருபது தறிகள் ஓடும் இரைச்சல். வழியெல்லாம் யோசித்துவைத்த வாக்கியங்களை அங்கே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் காதருகே கையைக் குவித்து, "என்னது சார்? கேக்கலை!" என்றாள். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் நின்ற அமைதியில், "நான் எடுத்துட்டேம்மா!" என்ற அவருடைய குரல் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

"அவிய என்னத்தக்கா எடுத்துட்டாக?" என்றாள் பக்கத்துத் தறிக்காரி.

"ஒண்ணுமில்ல ஏட்டி. என் நோட்டு ஒண்ணு."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினார்கள். அடுத்த பதிப்பில் நன்றி என்று அவள் பெயரைப் போடுவதாகச் சொன்னார்.

"எதுக்கு சார்? நான் ஏதோ உங்களுக்குக் கைமாத்துக் குடுத்த மாதிரியா?"

"அப்ப அந்தப் பக்கத்தையே எடுத்துரவா?"

"வேண்டாம். அதுலயாவது அவரு இருந்துட்டுப் போகட்டும்."

"நீ உன்னுதை எழுதும்மா. நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

"எப்படிச் சொன்னாலும், சாரைப் பாத்து எழுதினேம்பாங்க. எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான் சார்."

கரண்ட் வந்தது. "வாரேன் சார்" என்று உள்ளே போய்விட்டாள்.

பால்கோவா டப்பா அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தது. காரணத்தையும் அன்றே வகுப்பில் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அதன்பின் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஆறாவது நாவலை அவர் தொடங்கவில்லை. நல்லதாக ஒரு வரி தோன்றினால், இது யாருடையது என்று வாரக்கணக்கில் தேடுகிறார். தம்முடையதுதான் என்று நிச்சயமாவதற்குள் அந்த வரி ஆறிப்போகிறது.

போன மாதம் சுந்தரம்மாள் மாடியேறி வந்தாள். டப்பா தானாகவே கடைசி பெஞ்சுக்குப் போனது. சோலைராஜ்கூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை. அவள் புது நோட்டிலிருந்து வாசித்தாள்:

"கரண்டு போன பொறவும் நாங்க கத்தித்தான் பேசுவோம். தறி நின்னது தொண்டைக்குத் தெரியாது. அவர் செத்த அன்னைக்கு, ஊருக்காக அழுதாள்னு என்னை ஏசினாங்க. எனக்கு மெதுவா அழத் தெரியாது."

நவநீதகிருஷ்ணன் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வேட்டி மூடிய முழங்காலின்மேல் ஆட்காட்டி விரல் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. வரி முடிந்ததும் திரும்பி வந்து, அடுத்த வரியைத் தொடங்கியது.

வாசிப்பு நின்றுபோனது கேட்டுக் கண்ணைத் திறந்தார். சுந்தரம்மாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.