கிரிவலப் பாதையில் போர்டு மீட்டிங்

வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு நானும் ஒரு டைரக்டர். பெரிய திறமை எல்லாம் இல்லை. பெண் டைரக்டர் ஒருவர் வேண்டும் என்று தேடினார்கள், நான் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

தலைவருக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னதும் மீட்டிங்கையே கிரிவலப் பாதைக்கு மாற்றிவிட்டார். மாதம் ஒரு விடியற்காலை, செருப்பில்லாமல், அவர் முன்னால் பறப்பார். நடந்தபடியே ஏதோ சொல்வார். பக்கத்தில் போகிறவர்கள் "சரிங்க" என்பார்கள். அந்தச் "சரிங்க" ஒவ்வொருவராகத் தாண்டிக் கடைசியில் வரும் என்னிடம் சேர்வதற்குள் தீர்மானம் நிறைவேறியிருக்கும். எதற்குச் சரி என்று கேட்டால், "முன்னால கேளுங்க" என்பார்கள். முழங்கால் வலியோடு நான் எங்கே ஓடிப்போய்க் கேட்பது?

போன மாதம் ஒரு பழைய எண்ணெய்ச் செக்கை வாங்கலாமா என்ற பேச்சு அப்படித்தான் பின்னால் வந்தது. செக்கு தலைவரின் மச்சானுடையது. ஆட்டுகிற எண்ணெயைவிடப் போடுகிற சத்தம் ஜாஸ்தி. அதை வாங்கினால் எங்கள் எல்லார் மல்லாட்டையும் அதன் வாயில் சிக்கிக்கொள்ளும். எனக்கு வந்ததே கோபம்! ஆட்டோவைக் கைகாட்டி ஏறினேன். கிரிவலத்தில் ஆட்டோ பாவம்தான், அதை அண்ணாமலையாரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். போர்டை முந்திப் போய், அடி அண்ணாமலை டீக்கடையில் பெஞ்சைப் பிடித்து எல்லாருக்கும் டீ சொன்னேன்.

டீ என்றதும் போர்டு உட்கார்ந்தது. மீட்டிங்கில் தலைவரின் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான்.

"தலைவரே, செக்கு உங்க மச்சானுதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க கொஞ்சம் அப்பால நில்லுங்க. நாங்க பேசி முடிவு பண்றோம்."

ஒருவருக்குப் புரையேறியது. தலைவர் எழுந்து புளியமரத்தடிக்குப் போனார். உடனே ஆளாளுக்கு வாய் திறந்தது.

"அது ஓடுற நாளே கம்மிங்க."

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நடக்கறப்ப மூச்சு வாங்குதே!"

செக்கு வேண்டாம் என்று முடிவானது. சொல்லப் போனது நான்தான்.

"வேணாம்னுட்டாங்க, தலைவரே."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பாடா! போர்டு வேணாம்னுடுச்சுன்னு வீட்ல சொல்லிடறேன்க்கா. தன் தம்பி செக்க வாங்குங்கன்னு என் உசுர எடுக்கறா. யாராச்சும் ஒருத்தர் வேணாம்னு சொல்லுவீங்களான்னு நானும் திரும்பித் திரும்பிப் பாத்துனே நடந்தேன்."