கொடிக்குள் இருந்த கூடு

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் வீட்டு வாசலில் ஒரு மனிதர் செத்துப் பிழைத்தார். காரணம் நான் வளர்த்த கொடி. சரியாகச் சொன்னால், காரணம் நான்.

மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்து "பூக்கொடி வீடு எது?" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கார் நிறுத்தும் இடத்தின் கூரை முழுக்க ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்து நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வாசனை நாலு வீடு தாண்டிப் போகும். நான் எழுதும் இந்தப் பக்கத்திலேயே அதைப் பற்றி இரண்டு முறை பீற்றியிருக்கிறேன், உங்களுக்கு நினைவிருக்கலாம்.

இந்தக் கொடி அதிகம் கேட்காது. நல்ல வெயில், ஏறிப் படர உறுதியான கம்பி, வருடத்துக்கு ஒரு தடவையாவது தாராளமாக ஒரு வெட்டு. முதல் இரண்டையும் கொடுத்தேன். மூன்றாவதை இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டேன். வெட்டினால் பூ போய்விடுமே...

"உள்ள எல்லாம் காஞ்சி குப்பையா கெடக்குங்க. வெட்டி விடுங்களேன்" என்று மாதம் ஒரு முறையாவது சொல்வாள் என் மனைவி விஜயா. தீபாவளி முடியட்டும் என்பேன். தீபாவளி முடிந்ததும் தைப்பூசம் முடியட்டும் என்பேன். நம் ஊரில் பண்டிகைக்கா பஞ்சம்?

அந்தச் செவ்வாய்க்கிழமை கேஸ் கொண்டு வந்தவர் சேகரன். நாற்பது வயதிருக்கும். ஆறு வருடமாக எங்கள் தாமானுக்கு அவர்தான் சப்ளை. சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு கூரைக்குக் கீழே வந்தார். தாழத் தொங்கிய ஒரு கிளை சிலிண்டரின் தலையில் மாட்டிக்கொண்டது. ஓர் இழுப்பு இழுத்தார்.

மேலே இலைக்கூட்டம் மொத்தமும் ஆடியது. உள்ளேயிருந்து குளவிகள் கொட்டின. சின்னக் குளவி இல்லை. மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்களே, செம்பனைத் தோட்டத்தில் கூடு கட்டுமே, அந்த ஜாதி.

நான் வீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெளிய வராதீங்கண்ணே. கதவ சாத்துங்க, சாத்துங்க" என்று கத்தினார் சேகரன்.

சாத்தினேன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். என் கொடி, என் வாசல். அங்கே ஒருவர் கொட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சிலிண்டர் உருண்டுபோய் கேட்டில் இடித்தது. அவர் சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். எதிர்வீட்டு ஹாலிம்தான் அவரைத் தன் காரில் தள்ளி ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். விஜயாதான் தீயணைப்புக்குப் போன் செய்தாள். நான் கதவின் கைப்பிடியை விடவே இல்லை.

பொழுது சாய்ந்த பிறகு தீயணைப்பு வீரர்கள் வந்து கூட்டை எடுத்தார்கள். ஒரு பலாப்பழம் அளவு இருந்தது. "பாக்சிக்" என்று மலாயில் என்னைப் பெரியவராக்கி, "இது கட்டிப் பல மாதம் இருக்கும்" என்றார் அவர்களில் ஒருவர். பல மாதம். தினமும் அதற்குக் கீழேதான் நாற்காலி போட்டுக் காபி குடித்திருக்கிறேன்.

சேகரனுக்குப் பதினேழு கொட்டு. முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. விஷத்தால் கிட்னிக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று டாக்டர்கள் இரண்டு நாள் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். கட்டில் பக்கத்தில் அவர் மனைவி தேவி. நான் கொண்டு போன பழப் பையை அவள் வாங்கவில்லை.

"ரெண்டு புள்ளைங்க இருக்கு சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பாராங் கத்தியை எடுத்தேன். முழங்கால் உயரத்துக்கு மேலே ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. குப்பை ஒரு லோரி நிறைந்தது.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சேகரன் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"சேகர்... நான் கதவச் சாத்தினது..."

"நான்தானேண்ணே சாத்தச் சொன்னேன். நீங்களும் வந்திருந்தா இப்ப பக்கத்துக் கட்டில்ல கெடப்பீங்க" என்றார். பிறகு, "தெபுவான் போறது வர்றத நான் முன்னமே பாத்தேண்ணே. ரெண்டு மாசமா. அந்த ஓரமாத்தான் போவுதுன்னு நெனச்சி இந்தப் பக்கமா தள்ளித் தள்ளி வந்துட்டுப் போவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

பதில் சொன்னது தேவி. அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள். "எங்க சார் சொல்ல விடுறீங்க? இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் போவாரு. திரும்பி வந்து, 'அண்ணன் பூவப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாரு லா, எப்படி சொல்றது'ன்னு நிப்பாரு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் அவர் கூரையைக் காட்டி, "அண்ணே, அங்க மேல..." என்று ஆரம்பித்தார். "ஆமா சேகர், மேலதான் இந்த வாட்டி நல்லா பூத்திருக்கு" என்று சொல்லி, எந்த மாதம் என்ன உரம் போட்டேன் என்பது வரை ஒப்பித்தேன். அவர் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கவனித்தீர்களா? குளவிக் கூட்டைப் பற்றி ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் சொல்ல முயன்றிருக்கிறார். என் வாய்தான் குறுக்கே நின்றது. வீட்டில் பிள்ளைகளும், ஆபீசில் கீழே வேலை செய்பவர்களும் நம்மிடம் இப்படி எத்தனை "அங்க மேல..."வைப் பாதியில் விட்டிருப்பார்களோ, தெரியவில்லை.

சேகரன் மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். கொடியும் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்தது. ரங்கூன் மல்லி புதுத் தளிரில்தான் பூக்குமாம். வெட்டாமல் வைத்திருந்து நான் காப்பாற்றியது பூவை அல்ல, காய்ந்த குச்சியை. இப்போது மாதம் ஒரு முறை கத்திரி. கீழே நின்று பார்த்தால் இலைக்கு நடுவே வானம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு.

போன வாரம் சேகரன் கேஸ் கொண்டு வந்தார். கேட்டிலேயே நின்று மேலே ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். முதல் கொத்துகள் விரிந்திருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் நாலு விஷயம் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"சொல்லுங்க சேகர்."

"ஒண்ணுமில்லண்ணே. பூ அழகா இருக்கு. எனக்கு இந்தப் பூ ரொம்பப் புடிக்கும்."

ஆறு வருடப் பழக்கம். அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.