கையை இறக்கச் சொன்னார்கள்: சத்தியவேட்டிலிருந்து சித்தூர் வரை

பொங்கல் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பட்டறைக் கதவைத் திறந்தபோது, உலர வைத்திருந்த சிலையின் வலது கை தரையில் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் அதே சிலைக்கு நான் செய்து விழுந்த மூன்றாவது கை அது.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் திருவள்ளூரில் இருக்கிறேன், சுடுமண்ணில் சிலை செய்கிறேன். மார்ச் மாதம் திருப்பதியில் ஒரு கண்காட்சி, அது முடிந்ததும் அதே சிலைகள் சித்தூருக்குப் போகின்றன. இரண்டுக்கும் நடுநாயகமாக நான் நினைத்திருப்பது ஒரே ஒரு சிலையைத்தான். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கும் ஒரு பெண். சத்தியவேட்டுப் பக்கம் போனபோது எதிரில் நின்ற பேருந்தின் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். வண்டி நகர்வதற்குள் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை என்னை விடவில்லை.

கை விழுந்ததைச் சொல்லக் கண்காட்சியை ஏற்பாடு செய்யும் கிரிதருக்குப் போன் செய்தேன். நகரிக்காரர், திருப்பதியில் கலைக்கூடம் நடத்துகிறார், நல்ல மனிதர். "மேடம், கையைக் கீழ எறக்கிடுங்க. கையில ஒரு பை மாட்டி வுட்டுடலாம். வெள்ளிக்கிழமை இன்விடேஷன் பிரிண்டுக்குப் போவுது, அதுக்குள்ள சொல்லுங்க" என்றார். கையை இறக்கினால் அவள் காய்கறி வாங்கப் போகிற பெண்ணாகிவிடுவாள். அவளைச் செய்ய நான் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, உடைந்த கையைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். விரல்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் பத்தரை மணி பேருந்து, முப்பது ரூபாய். அங்கிருந்து சத்தியவேட்டுக்கு இன்னொரு பேருந்து, இருபது ரூபாய். நேராகத் திருப்பதிக்கு ரயில் இருக்கும்போது ஏன் இப்படிச் சுற்றினாய் என்று கேட்பீர்கள். கை செய்யக் கையைப் பார்க்க வேண்டும். மூன்று முறையும் நான் ஞாபகத்தில் இருந்ததைத்தான் செய்திருந்தேன். ஸ்ரீசிட்டி பக்கத்துத் தொழிற்சாலைகளில் காலை ஷிப்ட் முடித்தவர்கள் மதியத்துக்கு மேல் சத்தியவேட்டில் பேருந்து ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும். கம்பெனி வண்டியில் வெளியாள் ஏற முடியாது. ஆனால் கான்ட்ராக்ட் ஆட்களில் பலர் அரசுப் பேருந்தில்தான் வீடு திரும்புகிறார்கள்.

சத்தியவேட்டில் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு மெஸ்ஸில் எண்பது ரூபாய்ச் சாப்பாடு. கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைத் துவையலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காதவர்களுக்கு வைக்க மாட்டார்கள். மூன்று இருபதுக்குப் புத்தூர் வண்டி வந்தது. ஆந்திர அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஆந்திர முகவரி உள்ள ஆதார் வேண்டும். என்னுடையதைப் பார்த்த கண்டக்டர் வருத்தத்தோடு எழுபத்தைந்து ரூபாய் டிக்கெட் கிழித்தார்.

வண்டி நிறைந்து வழிந்தது. எனக்கு அடுத்தாற்போல் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. ஊத்துக்கோட்டை தாண்டுவதற்குள் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நாகலாபுரத்தில் பாதி வண்டி இறங்கி, எங்கள் பக்கத்திலேயே இரண்டு இருக்கைகள் காலியாயின. அவள் கண்ணைத் திறந்து, காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "உக்காரலையாம்மா?" என்றேன்.

"உக்காந்தா அவ்ளோதான்க்கா, அடிச்சிப் போட்டாப்ல தூங்கிப் பூடுவேன். போன மாசம் பிச்சாட்டூர்ல எறங்க வேண்டியவ, புத்தூருக்கே பூட்டேன். எம்மாமியா கிட்ட வாங்கிக் கட்டிக்கினேன்." அவள் சிரித்தாள். "நின்னுக்கினு தூங்கினா பயமில்ல. நல்லாத் தூங்கச்சொல்ல கை வழுக்கும். வழுக்கினா முழிப்பு வந்துடும்."

அவள் பெயர் கோமதி. செல்போன் பாகம் பொருத்தும் இடத்தில் வேலை, விடியற்காலை நாலே காலுக்கு எழுந்திருக்கிறாள். என் பையிலிருந்து நீட்டிய மண் விரல்களை அப்போதுதான் பார்த்தாள். "அய்யோ, இன்னாக்கா இது?" என்று ஓரடி பின்னால் போனாள். விஷயத்தைச் சொன்னேன். கம்பியில் இருந்த தன் கையையும் மண் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க கெட்டியா புடிச்சிக்கினு நிக்க வெச்சிருக்கீங்க. அப்படிப் புடிச்சா தூக்கம் எப்டிக்கா வரும்?"

உண்மைதான். நான் செய்தது முழு முஷ்டி. அவள் கம்பியில் மாட்டியிருந்தது மூன்று விரல்களின் நுனியை மட்டும். கையைப் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன். "கைய எடுத்துக்கோங்க. மூஞ்சி வேணாம், வாயத் தொறந்துக்கினு தூங்குவேன்" என்றாள். கண்காட்சிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்து, போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன். இறங்குவதற்கு முன் படிக்கட்டில் நின்று திரும்பிக் கேட்டாள். "ஞாயித்துக்கெழம வந்தா, அன்னிக்காவது உக்காந்து பாக்கலாமாக்கா?"

நான் தலையாட்டுவதற்குள் பிச்சாட்டூர் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

ஐந்து மணிக்குப் புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட இந்த ஊருக்கு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள் என்பது தெரிந்ததுதான். இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் என் பையை எட்டிப் பார்க்காமலே, "கையா, காலா?" என்று கேட்டார். "கை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "யாருக்கு?" என்றார். வேட்டியை விலக்கிக் காட்டினேன். மனிதர் ஒரு கணம் ஆடிப்போய், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கும் கட்டு போடுவாங்க, வாங்க, நூறு ரூபா குடுங்க" என்றார். அன்று முழுவதும் இறுகிக் கிடந்த நான் அப்போதுதான் சிரித்தேன். அவரிடமிருந்து தப்பித்துத் திருப்பதி பேருந்தில் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஐம்பத்தைந்து ரூபாய். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் லாட்ஜ் அறை தொள்ளாயிரம். விசேஷ நாட்களில் அந்த விலைக்கு மாடிப்படிகூடக் கிடைக்காது, முன்பதிவு செய்துவிடுங்கள்.

மறுநாள் கிரிதரைக் கூடத்தில் பார்த்தேன். உடைந்த கையை மேசைமேல் வைத்தேன். அவர் கவலை சிலை உலரும்போது உடைவதைப் பற்றி மட்டும் இல்லை. "உங்களுக்குப் புரியணும் மேடம். இங்கேந்து சித்தூருக்கு மினி லாரியில எழுபது கிலோமீட்டர் போவணும். போன வருஷம் ஒருத்தரோட பொம்ம தலையில்லாம போய்ச் சேந்துது. அவரு மூஞ்சிய என்னால பாக்க முடியல. எந்துக்கு மேடம் ரிஸ்க்? கையத் தூக்கிக்கினு இருக்கிற பொம்ம அந்த ரோட்டுல எப்படிப் போவும்?"

"நின்னுக்கிட்டேதான்" என்றேன். அதற்கு வழி கண்டுபிடிக்க ஒரு வாரம் தருகிறீர்களா என்றேன். வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொன்னார்.

சரி, சாலை எப்படி இருக்கிறது என்று என் உடம்பாலேயே பார்த்துவிடுவோம் என்று பதினொன்றரைக்குச் சித்தூர் பேருந்தில் ஏறினேன், நூற்றுப் பத்து ரூபாய். வண்டியில் பாதி காலி. நான் நடுவில் நின்று மேல்கம்பியில் மூன்று விரல்களை மாட்டிக்கொண்டேன். "சீட்டு உந்தி கதா அம்மா, கூர்ச்சோண்டி" என்றார் கண்டக்டர். உட்காரவில்லை, நிற்கிறேன் என்றேன். சந்திரகிரி தாண்டி மறுபடியும் உட்காரச் சொன்னார். இடுப்பு வலியா என்று தமிழிலும் கேட்டார். டோல்கேட் வந்தபோது என்னைத் திருத்த முடியாது என்று விட்டுவிட்டார். ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் நீட்டினார்.

முதல் அரை மணி நேரம் கை கடுத்தது. நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், என் சிலையும் அப்படித்தான் நின்றது. பிறகு களைப்பில் உடம்பைத் தளர்த்தினேன். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, தோள் தானாக மேலேறிக் காதைத் தொட்டது. கடுப்பு குறைந்தது. இடது கையால் என் வலது விலாவைத் தடவிப் பார்த்தேன், கண்டக்டர் என்ன நினைத்தாரோ. கை தோளில் தொடங்கவே இல்லை. விலாவிலிருந்தே ஒரே இழுப்பாக எழுந்து போகிறது. நான் தோளைத் தாழ்த்தி வைத்துவிட்டு, அதில் கையைத் தனியாக ஒட்டவைத்தது போலச் செய்திருக்கிறேன். மூன்று முறையும் அந்த ஒட்டில்தான் விரிசல். உலரும்வரை கைக்குக் கீழிருந்து கட்டையால் முட்டுக்கொடுத்தது அதைவிடப் பிசகு. மண் உலர உலரச் சுருங்கி உடம்பு கீழே இறங்குகிறது, முட்டுக்கட்டை இறங்குவதில்லை. இந்தப் பெண்ணைக் கீழிருந்து தாங்கக் கூடாது, மேலிருந்து தொங்கவிட வேண்டும்.

பூதலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கோ நானும் தூங்கியிருக்கிறேன். விரல் வழுக்கியது, விழித்துக்கொண்டேன். கோமதி சொன்னது அப்படியே நடந்தது. எனக்குக் கண் கலங்கியது. கலை, ஊக்கம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இனிமேல் இதைத்தான் சொல்லப்போகிறேன்: ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

சித்தூரில் இறங்கியதும் கிரிதருக்குப் போன் செய்தேன். கை மேலேதான் இருக்கும், அழைப்பிதழில் அப்படியே போடுங்கள் என்றேன். லாரியின் குறுக்கே ஒரு கம்பி கட்டி, துணித்தூளியில் கையை மாட்டி, நிற்கவைத்துக் கொண்டுபோவோம், குலுங்கினால் அவளும் கூடவே ஆடட்டும், பின்னால் நானும் நிற்பேன் என்றேன். "உங்க கூட முடியாது மேடம்" என்றார். அவர் அகராதியில் அதற்குச் சரி என்று பொருள். திருத்தணி வழியாக ஊர் திரும்பினேன். உட்கார்ந்துதான்.

இதை எழுதும்போது நான்காவது கை ஒரு கம்பியிலிருந்து பழைய வேட்டித்துணியில் தொங்கியபடி உலர்ந்து முடிந்திருக்கிறது. தினமும் காலையில் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தி இறக்கினேன். தோள் காதைத் தொடுகிறது. விரிசல் இல்லை. அடுத்த வாரம் சூளை. அங்கே உடைந்தால் ஐந்தாவது கை செய்வேன், அதையும் மேலேதான் தூக்குவேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் வார நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் கூட்டம் இருக்காது. சத்தியவேட்டிலிருந்து புத்தூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர், சாலை பரவாயில்லை. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தெலுங்கு தெரியாவிட்டால் கவலை வேண்டாம், புத்தூர் வரை தமிழ் போதும். திருப்பதியில் மார்ச் இரண்டாம் வாரம், சித்தூரில் ஏப்ரல் தொடக்கம். காலை பத்து முதல் மாலை ஏழு வரை, அனுமதி இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கக் கிரிதரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

சிலைக்கு எதிரில் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது அதில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து எழுப்பாதீர்கள்.