லியால் டன்ஸ்டனின் சத்தமில்லாத கிட்டார்

சுவரில் குத்தியவன் நான்தான். யாரும் என்னிடம் கேட்கவில்லை, இருந்தாலும் அதை முதலில் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும்.

ஊரிலிருந்து விமானம் ஏறித்தான் வர வேண்டிய செம்மண் பாலையான பில்பாராவில், இரும்புத்தாது தோண்டும் எங்கள் முகாமில், ஆளுக்கொரு டோங்கா. தகரப் பெட்டி மாதிரி அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, இருபத்துநாலு மணி நேரமும் இரையும் ஏசி. பக்கத்து அறைக்காரன் கொட்டாவி விட்டால் நமக்குக் கேட்கும். நான் முகாமின் சமையல்காரன். விடிவதற்குள் நானூறு பேருக்கு முட்டை பொரித்தாக வேண்டும் என்பதால் மாலை ஏழு மணிக்கே படுத்துவிடுவேன். பக்கத்து அறை லியால் டன்ஸ்டனுக்கு ராட்சத லாரி ஓட்டும் வேலை, பகல் ஷிஃப்ட். ஆறரைக்கு வந்து செம்மண்ணைக் கழுவிக்கொண்டு, சரியாக ஏழு மணிக்குக் கிட்டாரை எடுப்பான். சரியாக ஏழுக்கு!

"டேய், இன்னொரு தடவ அந்தச் சனியன மீட்டினன்னா காலைல உன் முட்டைல சோப்புத் தூளப் போட்டுருவேன்!" என்று சுவரைக் குத்தினேன்.

"இத்தன நாளா அதானே போட்டுட்டிருக்க?" என்று பதில் வந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் முகாம் அலுவலகத்தில் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்தது முகாம் பாரில் கிடந்த, வயிறு வெடித்த பழைய கிட்டார். அதைத் திரும்ப வாங்கிப் பாரில் பூட்டி வைத்துவிட்டார்கள். எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அடுத்த முறை வேலைக்குத் திரும்பி வந்தபோது அவன் என் சமையலறை வாசலில் வந்து நின்றான். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, பெரிய கைகள். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"டெஸ், உன்மேல கோபமில்ல. உனக்குத் தூக்கம் வேணும்தான். ஆனா எனக்கு ஒரு வழி சொல்லு. போன சனிக்கிழம என் தங்கச்சி முன்னாடி மானம் போச்சு" என்றான்.

அவன் தங்கை பெயர் கெரின். ராக்கிங்ஹாமில் பள்ளி கேன்டீனில் வேலை. பெண்டாட்டி விட்டுப் போனபின் லியாலுக்கு இருந்த ஒரே சொந்தம். பன்னிரண்டு வயசில் அவன் கிட்டார் பிடித்தான், எட்டு வயசில் அவள் பாட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து இருவருமாகவே கச்சேரி. இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் வீடு என்ற கணக்கில், மூன்று வாரத்துக்கொரு சனிக்கிழமை கடற்கரைப் பக்கத்து கிளப் ஒன்றில் வாசிப்பார்கள். அவனுடைய சொந்தக் கிட்டாரின் கழுத்து விமானச் சாமான் அறையில் முறிந்துபோனதிலிருந்து கச்சேரிக்கு இரவல் கிட்டார், முகாமில் பழக அந்தப் பார் கிட்டார். அதையும் பூட்டியதும் கை சும்மா கிடந்தது. சும்மா கிடந்த விரல் சனிக்கிழமை ஓடுமா? நடுப்பாட்டில் தடுமாறியிருக்கிறான். கிளப்காரர் முகம் சுளித்திருக்கிறார்.

"'அண்ணங்கிறதால பொறுத்துக்கிட்டேன் லியால், இன்னொரு வாட்டி இப்படி வந்தா வேற ஆளத் தேடிக்குவேன்'னுட்டா" என்றான். "அவ சொன்னதுல தப்பில்ல. ஆனா அது போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு? லாரிதான்."

என் புகாரால் வந்த வினை. குறுகிப்போனேன். அதனால்தான் அவனுக்குக் கிட்டார் தேடித்தர முன்னால் நின்றேன்.

அன்று சாயங்காலம் அவன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், என் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு இருவரும் அலசினோம். அது என் காதுக்குக் கேட்கக்கூடாது. விமானத்தில் தலைக்கு மேலே உள்ள தட்டில் அடங்க வேண்டும். இறங்கி நேரே கிளப்புக்குப் போனால் அதே கிட்டாரால் கச்சேரியும் நடக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கூடினால் இன்னொன்று இடித்தது. முக்கால் அளவு மரக் கிட்டார் ஒன்று அவனுக்குப் பிடித்தது.

"அதுவும் கத்தும்ல?" என்றேன்.

"சின்னதாத்தான் கத்தும்."

"சின்னதா கத்துற குழந்தையோட நீ தூங்கியிருக்கியா?"

கழுத்து மடங்கும் கிட்டார் ஒன்று வந்தது. இந்த வறட்டு வெயிலில் ஒவ்வொரு தடவை மடக்கி விரிக்கும்போதும் சுருதி போய்விடும் என்று அவனே ஒதுக்கினான். கடைசியில் தலையே இல்லாத ஒன்று. சுருதித் திருகாணிகள் அடிப்பக்கம். உடம்பு ஒரு கனத்த பலகை, அவ்வளவுதான். தனியாக மீட்டினால் தந்தி லேசாக முணுமுணுக்கும். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை அதில் செருகி, ஹெட்போனை மாட்டினால் உள்ளே முழுக் கச்சேரி. கிளப்பில் சின்ன பெடல் ஒன்றின் வழியாக அங்குள்ள ஒலிபெருக்கியில் இணைத்துவிடலாம்.

"கிட்டார் மாதிரியே இல்லையேய்யா இது. துடுப்பு மாதிரி இருக்கு" என்றேன்.

"நீ பண்றது மட்டும் சாப்பாடு மாதிரியா இருக்கு? நாங்க திங்கல?"

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது விமானத்தில் அளவு நாடாவை எடுத்து மேல் தட்டை அளந்தான். பணிப்பெண் வந்து, "என்ன சார், விமானத்தையே சொந்தமா வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, என் புதுப் பெண்டாட்டி உள்ள படுப்பாளான்னு பாக்குறேன்" என்றான். சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். கிட்டார் எழுபத்தொரு சென்டிமீட்டர், தாராளமாக அடங்கும் என்று தெரிந்தது. வாங்கி வந்தபின் என் மாவுத் தராசில் பையோடு நிறுத்துப் பார்த்தோம். மூன்று கிலோ நானூறு. பெடலைக் காலுறையில் சுற்றிப் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டான். காதை முழுக்க மூடும் தடித்த ஹெட்போனை மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன். "வெளிய ஒரு பொட்டு சத்தம் வராது, நீ எவ்ளோ வேணாலும் ஏத்திக்க" என்று என் வாயாலேயே சொன்னேன்.

ஏற்றிக்கொண்டான். ஏசியின் இரைச்சலை அமுக்க வேண்டுமே. பகல் பன்னிரண்டு மணி நேரம் லாரி உறுமல், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஹெட்போன். எனக்கு எதுவுமே கேட்கவில்லை. சமர்த்தாகத் தூங்கினேன்.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. கச்சேரி நன்றாக நடந்தது. நானும் இரண்டு தடவை போய்க் கேட்டேன். கெரின் பாடும்போது இவன் அவளைப் பார்த்தபடியே வாசிப்பான். சமையல்காரனான எனக்கே கண் கலங்கியது, வெங்காயம் இல்லாமலே.

இனி நர்ஸ் விஷயம். வருஷத்துக்கொரு முறை முகாமில் காது சோதனை. ஒரு கூண்டுக்குள் உட்கார்த்தி வைத்துச் சின்னச் சின்னதாய் 'பீப்' ஒலி விடுவார்கள். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தேறாவிட்டால் லாரியை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம். லாரிக்காரர்களுக்கு அதற்கொரு குறுக்கு வழி இருந்தது. கண்டுபிடித்தவன் லியால்தான். நர்ஸ் ஒலியை விடும்போது அவளுடைய வலது தோள் கொஞ்சம் இறங்குவது கூண்டின் கண்ணாடி வழியே தெரியும். ஒரு ஒலிக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரே இடைவெளி. தாளம் தெரிந்தவனுக்கு அது போதாதா? சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டித் தட்டி மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து. காத விட்டுரு, தோளப் பாரு."

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அவனுக்கு இரண்டாவது தட்டு பன்றிக்கறி கூடக் கொடுத்தேன். மூன்று வருஷமும் அவன் காது பழுதில்லை என்றே தாளில் எழுதியிருந்தது. அதை அவனும் நம்பினான். அடுத்தவனை ஏமாற்றத்தான் அந்தத் தாளம் என்பதையே மறந்துவிட்டான்.

போன மார்ச் மாதம் கெரின் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"டெஸ், அவன்கிட்ட சொல்லாத. கிட்டார் சத்தத்த ரொம்பக் கீச்சுன்னு வைக்கிறான். முன் மேசைல இருக்கவங்க காதப் பொத்திக்கிறாங்க. குறைன்னா, 'குறைச்சுத்தானே இருக்கேன்'ங்கிறான். நான் மெதுவா எடுக்குற இடத்துல என் வாயையே பாத்துட்டு நிக்கிறான். வாய் அசையுறதப் பாத்துத்தான் வாசிக்கிறான் டெஸ். நான் பாடுறது அவனுக்குக் கேக்கல."

"எத்தன நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல. கிளப்ல வேற ஆளப் போடச் சொல்லி நச்சரிக்கிறாங்க. நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்கு வாய் வரல. நீ சொல்லேன்."

அவள் சொல்லச் சொல்ல என் கண்முன் நின்றது அந்த ஹெட்போன்தான்.

அடுத்த நாள் சாப்பாட்டுக்கு வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கெரின் பெயரை எடுக்கவில்லை, நானே கவனித்ததாகச் சொன்னேன்.

"எனக்குக் காது கேக்காதா? மூணு வருஷத் தாள் இருக்குடா என்கிட்ட!" என்று கத்தினான். நான் மெதுவாகப் பேசியிருந்தேன், அவன் கத்தினான்.

"லியால், அந்தத் தாள் உன் காதோடது இல்ல. நர்ஸோட தோளுது."

தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனான். இரண்டு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. ஊர் திரும்பும் விமானத்தில் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "செவ்வாய்க்கிழம எனக்கு நேரம் இருக்கு. எங்கயாச்சும் நல்ல இடமா கூட்டிட்டுப் போ. ஆளோட தோள் தெரியாத இடமா இருக்கணும்" என்றான்.

ராக்கிங்ஹாமில் ஒரு காது மருத்துவ நிலையம். காலை பத்து மணி, வெளியே நல்ல வெயில். கூண்டுக்குள் அவனைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தாள், சோதிக்கும் பெண். வெளியே அவளுக்குப் பின்னால் என்னை உட்கார அனுமதித்தாள். ஒவ்வொரு முறை ஒலி விடும்போதும் அவளுடைய கருவியில் ஒரு பச்சை விளக்கு எரியும். முதலில் கனத்த ஒலிகள். விளக்கு எரிந்தது, அவன் அழுத்தினான். எரிந்தது, அழுத்தினான். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பிறகு கீச்சு ஒலிகளுக்கு மாற்ற அவள் ஒரு குமிழைத் திருகினாள். விளக்கு எரிந்தது. அவன் அசையவில்லை. அளவைக் கூட்டினாள். எரிந்தது. அவன் அசையவில்லை. பத்து, பதினைந்து தடவை இருக்கும். அவன் நல்ல பிள்ளையாட்டம் முதுகை நேராக வைத்து, கட்டைவிரலைப் பொத்தான்மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு தடவை மட்டும் மைக்கில், "அம்மா, மிஷின் நின்னுடுச்சா?" என்று கேட்டான்.

அந்தப் பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று. நான் அழுததை அவள் பார்க்கவில்லை.

பிறகு அவள் தாளைக் காட்டி விளக்கினாள். கோடு பாதிவரை நேராக வந்து, அங்கிருந்து கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. போனது திரும்பாது, கருவி வைத்தால் பேச்சு புரியும், பாட்டு பழைய மாதிரி இருக்காது என்றாள். லியால் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். "ஒரு பொம்பளை மெதுவாப் பாடினா, அது இதுல எங்க வரும்?" என்று கேட்டான். அவள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். பாதி வட்டம் அந்தக் கிணற்றுக்குள் இருந்தது.

வண்டியில் ஏறியதும், கெரின் ஒரு வருஷமாகவே கவனித்து எனக்குப் போன் செய்ததைச் சொல்லிவிட்டேன். உடனே அவனே அவளுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில், முழுச் சத்தத்தில்.

"நான்தான். இந்தச் சனிக்கிழமைலேருந்து வேற ஆளப் பாத்துக்க. ஆமா, காட்டிட்டேன். போச்சாம். நீ ஒரு வருஷமா வாயத் தொறக்காம இருந்திருக்க பாரு, உன்ன உதைக்கணும். சரி, அத விடு. நல்ல ஆளாப் பாரு. உன் பாட்டக் கேட்டு வாசிக்கிறவனாப் பாரு."

போனில் வார்த்தை ஒன்றும் வரவில்லை. கெரின் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை. லியால் போனைக் காதருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், மறுபடி கொண்டுபோனான். கடைசியில் என் பக்கம் நீட்டினான்.

"ஒரே இரைச்சலா இருக்கு. என்னடா சொல்றா?"

இருக்கிற நோவு போதாதா, அவள் அழுகையையும் வேறு இவன் தலையில் போட வேண்டுமா என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் யோசிக்கவில்லை.

"சரிங்கிறா" என்றேன்.

அவன் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அவ்ளோ சீக்கிரமாவா?" என்றான்.