மருந்துப் போத்தலில் ஒரு மூடி பெற்றோல்

பெரியப்பா, மாமியைச் சாகவிட்டது நீங்கள். அப்பாவின் கார் இல்லை.

அப்போது சண்டைக்காலம், வடக்குக்குப் பெற்றோல் வரத் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு மசியாது. காபரேட்டருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டால்தான் எழும்பும். அப்பா எங்கள் பழைய ஏ40 காரை முற்றத்திலேயே வைத்துத் திருத்துவார். புதுச் சாமான் வாங்க வழியில்லை. எண்ணெய்த் தாங்கி ஒழுகினால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைப்பார். சவர்க்காரமும் அருமைதான்.

"காருக்குச் சவர்க்காரம், என்ரை சீலை தோய்க்கப் பனங்களியோ?" என்று அம்மா கத்துவாள்.

மாமி அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒரே தங்கை. சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் காலையில் அவவைப் பாம்பு கடித்தது. தூக்கி வரும்போதே கண் செருகிவிட்டது. அப்பா ஒரு வெறும் மருந்துப் போத்தலை என் கையில் திணித்தார்.

"ஓடு பிள்ளை. பெரியப்பாவிட்டை ஒரு மூடி பெற்றோல் கேள்."

வேலிக்கு அடுத்த வளவு வீடு உங்களது. போத்தலைத் தொடவே இல்லை.

"ஒரு சொட்டும் இல்லை. உந்தத் தகரத்தை வித்துப்போட்டு மாட்டு வண்டில் வாங்கச் சொல்லு உன்ரை கொப்பனை."

அப்பா பிளக்குகளைக் கழற்றினார். அம்மா அவற்றை அடுப்புத் தணலில் சுட்டாள். சூட்டோடு பூட்டினால் சிலவேளை எஞ்சின் எழும்பும். அப்பா பழந்துணியால் ஒன்றைப் பிடித்து எடுக்கும்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து நீங்கள் சத்தம் போட்டீர்கள்.

"நான் முன்னுக்குப் போய் ஆஸ்பத்திரியிலை சொல்லி வைக்கிறன்!"

ஒரே உதை. உங்கள் மோட்டார்சைக்கிள் பறந்தது. கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை இல்லை, மண்ணெண்ணெய் நாற்றமும் இல்லை. பெரியப்பாவின் மோட்டார்சைக்கிள் கெட்டிக்காரி என்று நான் நினைத்தேன். அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். துணி கருகி மணத்தது.

"அப்பா, கை சுடேல்லையோ?"

அவர் குனிந்து பிளக்கைப் பூட்டினார்.

கார் எழும்பியது. இருமி இருமிப் பாதி வழியில் ஆனைக்கோட்டை வரை போய் நின்றது. பிறகு எழும்பவே இல்லை. அங்கிருந்து மாமியை மாட்டு வண்டிலில்தான் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவவுக்கு மூச்சில்லை.

செத்தவீட்டில் ஊர்ச்சனம் முழுக்க இருக்க, நீங்கள் நெஞ்சில் அடித்து அழுதீர்கள்.

"சவர்க்காரம் பூசின தகரத்திலை ஏத்தி என்ரை தங்கச்சியைக் கொன்றுபோட்டானே!"

அப்பா கொப்புளம் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கை வெந்தது வெட்கமாக்கும் என்று எனக்குப் பட்டது. தங்கையின் பிணத்துக்கு முன்னால் அண்ணையைக் காட்டிக்கொடுக்காமல் நின்றார் என்பது எனக்கு விளங்கவில்லை.

அதன்பிறகு அவர் அந்தக் காரைத் தொடவில்லை. அதற்குள் கோழி அடைந்தது. மாமியைக் கொன்றவன் என்ற பெயரோடுதான் அப்பாவும் செத்தார்.

பெரியப்பா, மாமியின் திவசத்துக்கு எல்லாரும் வருவினம். அன்று சனத்துக்கு முன்னால் அழுத வாயால், அதே சனத்துக்கு முன்னால் சொல்லுங்கோ. என் போத்தலை ஏன் வெறுமையாய்த் திருப்பி அனுப்பினீர்கள்?