அண்ணி நட்ட கடற்புல்

என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஆசையாகப் போய் நின்றால், "உனக்கு இது எடுக்கலை தம்பி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஊரே மெச்சும் குணம். எனக்கு மட்டும் இப்போது அதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

அண்ணனும் அண்ணியும் கடலில் முங்கிப் புல் நடுகிறவர்கள். படகு ஓட்டுவது நான். எங்கள் ஊர்க் கடலில் தண்ணீர் தெளிவு. கடற்புல் நாடா மாதிரி அகல இலையோடு வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். அங்கே பழகிய கை என்றுதான், புல் அழிந்துபோன இந்த வடக்குக் கரைக்கு எங்களை வேலைக்குக் கூப்பிட்டார்கள். இங்கே எல்லாமே வேறு. கலங்கல் தண்ணீர், எலும்பைத் தொடும் குளிர், நூல் நூலாகப் புல்.

"இதுக்குப் பேரு புல்லாண்ணே? சீப்புல சிக்கின முடி மாதிரி இருக்கு."

"வாயை மூடிட்டு இன்ஜினைப் பாரு" என்றான் அண்ணன்.

பக்கத்துக் குடாவிலிருந்து வேரோடு எடுத்து வந்த நாற்றைக் கம்பிக் கொக்கியால் மண்ணில் பிடிக்க வைத்து, கோடை முழுக்க இருவரும் நட்டார்கள். குழந்தை இல்லாத வீடு. சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அந்தப் புல்லைப் பற்றித்தான். புது இலை விட்டிருக்கிறது என்று சொல்லும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

குளிர் வந்ததும் அண்ணன் நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையானான். டாக்டர் கையை விரித்துவிட்டார். அவன் அண்ணியிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு தடவை முங்கிப் பார்த்துட்டு வா. புடிச்சிருக்கான்னு தெரிஞ்சா போதும்."

போனோம். தண்ணீரை விட்டு வெளியே வந்த அண்ணியின் முகமே சொல்லிவிட்டது. ஓர் இலைகூட இல்லையாம். கரை வரும்வரை கெஞ்சினேன்.

"புடிச்சிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணி."

"அவர் கண்ணைப் பார்த்து எப்படி தம்பி பொய் சொல்றது?"

சொல்லவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வெறும் மணல்தாங்க இருக்கு" என்றாள்.

"நம்ம கைக்கு எதுவுமே வேர் பிடிக்காது போல. விடு" என்று அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

குளிர் விட்ட பிறகு, கொக்கிகளையாவது எடுத்து வருவோம் என்று போனோம். முங்கிய அண்ணி மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஏறவில்லை. அடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாம்.

இந்தக் கரையில் குளிருக்கு இலை கொட்டிவிடும், வேர் மணலுக்கடியில் உயிரோடு கிடக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் கடலில் இலை இல்லை என்றால் புல் செத்தது என்று அர்த்தம். அதனால் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு அண்ணி மணலை விரலால் ஒரு கிளறு கிளறியிருந்தால் போதும்.

விளிம்பைப் பிடித்து நின்றவளுக்குப் படகிலிருந்து குனிந்து கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"எல்லாம் புடிச்சிருக்கு தம்பி" என்றாள். "உங்க அண்ணன்கிட்ட இனி யாரு போய்ச் சொல்றது?"